சம்பளம் ஏறாத பட்டை

"பிரிவுத் தலைவர் என்பவர் கணீரென்ற குரலும், கண நேரத்தில் முடிவெடுக்கும் ஆற்றலும், கீழ்நிலையினரிடம் தேவையற்ற நெருக்கம் பாராட்டாத மிடுக்கும், ஆபத்தைக் கண்டு அஞ்சாத நெஞ்சுரமும் வாய்ந்தவராக இருத்தல் வேண்டும்" என்கிறது படையின் கையேடு. கையேட்டை எழுதியவர் பஞ்சுவைப் பார்த்ததில்லை.

பஞ்சு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. கயிற்றுக் கிடங்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சக வீரர்கள் வைத்தது. பேருந்தில் சில்லறை கேட்பவர் போன்ற குரல் அவருக்கு. பின்னால் வந்து நின்றால் தெரியாத நடை. யார் என்ன சொன்னாலும் அமுங்கிக்கொடுக்கிற சுபாவம். பஞ்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமுக்கிய கையை எடுத்தால் மெல்ல மெல்லப் பழைய உருவத்துக்கே வந்துவிடும். பெயர் வைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை.

அவர் இருந்தது மிதவைப் படையில். காலி இரும்பு டிரம்களின் மேல் பலகை அடுக்கி, கயிற்றால் இறுக்கி, ஆட்களை ஆற்றின் மறுகரைக்குக் கொண்டுபோவது வேலை. சமாதான காலம் ஆதலால் எதிர்க்கரையில் எதிரி யாரும் இல்லை. ஒரு செங்கல் சூளைதான் இருந்தது. வீரர்கள் மிகுந்த ராணுவ ரகசியத்துடன் சூளையை அடைவார்கள். சூளைக்காரர்கள் கையசைப்பார்கள். வீரர்கள் திரும்பி வருவார்கள்.

பழைய பிரிவுத் தலைவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதில் வந்தது வினை. இடம் காலி, ஆனால் அந்த இடத்துக்கான சம்பளத்தை மேலிடம் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தது. யாராவது ஒருவர் பொறுப்பை மட்டும் ஏற்க வேண்டும், சம்பளம் ஏறாது, தகுதியைப் பார்த்துப் பின்னால் நிரந்தரம் செய்யப்படும் என்று உத்தரவு. சார்ஜண்ட் பிரிவை வரிசையில் நிறுத்திக் கேட்டார். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருக்குத் தலைமை தாங்கினால் தலை சுற்றும். சமையல்காரர் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். தலைமைக்கு அடையாளமான பட்டைமேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர் மலை. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்குத் தோதான அகலமும் உள்ள மனிதர். அவரே சொல்லிவிட்டார்: "சும்மா குடுத்தா சுமக்கறதுக்கு நான் என்ன மாடா, சார்?"

இப்படி எல்லோரும் வாயைத் திறந்து மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பஞ்சுவும் வாயைத் திறந்துதான் வைத்திருந்தார், ஆனால் பல் மருத்துவரிடம். சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு திரும்பியபோது அவருடைய அலமாரிக் கைப்பிடியில் ஒரு துணிப்பட்டை தொங்கியது. வராதவரின் மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது.

பட்டையைச் சட்டையில் தைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார்.

"என்ன இது?"

"பட்டை."

"அது தெரியுது. எதுக்கு?"

"பிரிவுத் தலைவரா போட்டிருக்காங்க."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "சம்பளம்?"

"அதேதான்."

"வேலை?"

"அது கூடும்."

"அப்ப இது பதவி உயர்வு இல்லீங்க, தண்டனை. என்ன தப்பு பண்ணீங்க?"

"பல்லு வலி."

அன்றைக்குப் பார்த்து மனைவியின் தம்பி வந்திருந்தார். மின்சார அலுவலகத்தில் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தார். "எங்க ஆபீஸ்ல மழை வந்தா ஜன்னல் சாத்தறதுக்கே அலவன்ஸ் கேப்போம், மாமா. நீங்க என்னடான்னா சும்மாவே படைக்குத் தலைமை தாங்கறீங்க. யுத்தம் வந்தா ஓவர்டைமாவது உண்டா?"

"நீ சும்மா இருடா" என்ற மனைவி, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கணவரைப் பார்த்தார். "நிரந்தரம் ஆனா என்ன கிடைக்கும்?"

"சம்பளம் கொஞ்சம் ஏறும். அப்புறம் எதிர் வரிசையில வீடு குடுப்பாங்க."

ஊசி நின்றது. எதிர் வரிசை வீடுகளில் இரண்டு அறைகள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு கதவு. இவர்கள் இருந்தது ஒற்றை அறையும் ஒரு சமையல் இடமும் உள்ள வீடு. மூத்த மகளுக்கு அடுத்த வருடம் பெரிய பரீட்சை. அவள் அரிசி டிரம்மில் சாய்ந்து, புத்தகத்தை முழங்காலில் வைத்து, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் படித்த வரியை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். சின்னவளோ விழித்திருக்கும்போது மட்டுமல்லாமல் தூங்கும்போதும் பேசுகிறவள். அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் கேட்கும். மனைவிக்கு வேண்டியது அறைகூட இல்லை, அந்தக் கதவுதான். சாத்தினால் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு.

அதுவரை பெயருக்கு ஓடவிட்டிருந்த தையலைப் பிரித்துவிட்டு, பட்டையை இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தார்.

தலைமை என்பது பஞ்சுவிடம் வந்ததும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. "அந்த டிரம்மைக் கொஞ்சம் இப்படி உருட்டினா தேவலாம்" என்பதுதான் அவர் போட்ட உத்தரவுகளிலேயே கடுமையானது. உத்தரவை மீறிப் பழகியவர்களுக்கு வேண்டுகோளை மீறத் தெரியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உருட்டினார்கள். நேற்றுவரை "டேய் பஞ்சு" என்று கூப்பிட்டவர்கள் இனி "சார்" என்று சொல்ல வேண்டும் என்பது விதி. மலை ஒரு வழி கண்டுபிடித்தார். "பஞ்சு சார்" என்றார். மரியாதையும் கெடவில்லை, மரியாதை கொடுத்த மாதிரியும் ஆகவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் பட்டை உள்ளவர்களுக்குத் தனி மேஜை. அங்கே போனால், சம்பளத்தோடு பட்டை வாங்கியவர்கள் இவரைப் பந்தியில் புகுந்த அழையா விருந்தாளி போலப் பார்த்தார்கள். பழைய மேஜைக்கு வந்தால் பேச்சு நின்றது. பஞ்சு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றுக் கிடங்கில் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம் போனது. ஒருவர் தட்டோடு வந்தார். மாமியார் சங்கதி. அடுத்த நாள் இன்னொருவர், கிடைக்காத விடுப்பு. அதற்கடுத்தவருக்கு மூல வியாதி. பஞ்சுவிடம் குறை சொல்வதில் ஒரு வசதி இருந்தது. அவரால் எதுவும் செய்ய முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். எனவே மனம் விட்டுப் பேசினார்கள்.

ஆனால் அணிவகுப்பில் மனம் விட்டுப் பேசி ஒன்றும் ஆகாது. நடந்துகொண்டிருக்கும் பிரிவை நிறுத்த "நில்" என்று சொல்ல வேண்டும். அதை எந்நேரமும் சொல்லிவிட முடியாது. இடது கால் தரையில் படும் கணத்தில் சொல்ல வேண்டும். பஞ்சு மனசாட்சியுள்ள மனிதர். இடது காலுக்காகக் காத்திருந்தார். அது வந்தது, அவர் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டது. சரி, அடுத்த இடது கால் என்று காத்திருந்தார். பிரிவு மைதானத்தின் விளிம்பைத் தாண்டியது. சாலையைத் தாண்டியது. அதிகாரிகள் குடியிருப்பின் கொல்லைப்புறத்தில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. முன்வரிசையில் இருந்த மலையின் தோளில் மேஜர் வீட்டுத் தலையணை உறை ஒன்று தொற்றிக்கொண்டது. நிற்கச் சொல்லாமல் நிற்கக்கூடாது என்பது படையின் பாலபாடம். கடைசியில் ஒரு மதில் சுவர் குறுக்கே வந்தது. அதன் உத்தரவுக்குப் பணிந்து எல்லோரும் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா இது?" என்றார் சார்ஜண்ட், மூச்சிரைக்க ஓடி வந்து.

"சொல்ல வந்தேன் சார். கால் மாறிடுச்சு."

இத்தனைக்கும் பிறகு மேஜர் அவரை நீக்கவில்லை. நீக்கினால் இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சார்ஜண்ட் மூலம் சொல்லி அனுப்பினார்: பிரிகேடியர் பார்வையிட வருகிறார். இரண்டு பிரிவுகள் ஆற்றைக் கடந்து காட்ட வேண்டும். பஞ்சுவின் பிரிவு ஒழுங்காகக் கடந்துவிட்டால் பஞ்சுவின் பட்டை நிரந்தரம்.

"கடந்து மட்டும் காட்டு. வேற ஒண்ணும் பண்ணாத" என்றார் சார்ஜண்ட். "எதிர் வரிசையில ஒரு வீடு காலியா இருக்கு, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? மனைவி அந்தக் காலி வீட்டின் ஜன்னல் வழியே ஏற்கனவே இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். திரைக்குத் துணி வெட்டியாகிவிட்டது. மகள் எந்தச் சுவரோரம் மேஜை போடுவது என்பதை முடிவு செய்து, தங்கையிடம் அந்த அறைக்குள் நுழைவதற்கான நிபந்தனைகளையும் சொல்லிவிட்டாள்.

பார்வையிடும் நாளுக்கு முந்தின இரவு மேற்கே எங்கோ நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு பழுப்பு நிறத்தில், கரையைத் தடவிக்கொண்டு, சருகும் கிளையும் சுமந்து போனது. பிரிகேடியர் குடையின் கீழ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேஜர். அவர் பக்கத்தில் மருந்துப் பெட்டியோடு டாக்டர். பஞ்சுவின் பிரிவுதான் முதலில். டிரம்கள் உருண்டன, பலகைகள் ஏறின, கயிறுகள் இறுகின. ஒரு குரல் எழவில்லை, ஒரு முடிச்சு நழுவவில்லை. பிரிகேடியர் மேஜரைப் பார்த்துத் தலையசைத்தார். மேஜர் சார்ஜண்டைப் பார்த்துத் தலையசைத்தார். எதிர் வரிசை வீட்டின் சாவி பாதி தூரம் வந்துவிட்டது.

ஆட்கள் மிதவையில் ஏறினார்கள். கரைக் கயிற்றைப் பிடித்திருப்பது மலையின் வேலை. கடைசியில் கயிற்றை விட்டுவிட்டுத் தாவி ஏற வேண்டும். மலை கயிற்றை விடவில்லை. பஞ்சு பக்கத்தில் போனார்.

"ஏறு, மலை."

"கால் வரல."

"என்ன கால் வரல?"

மலை ஆற்றைப் பார்த்துக்கொண்டே உதடு அசையாமல் சொன்னார். "எனக்கு நீச்சல் தெரியாது, பஞ்சு."

"சார்" விழுந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. "போன வருஷம் டெஸ்ட்ல தேறினியே?"

"தேறினது தொப்பி."

அந்தப் படையில் நீச்சல் தேர்வு நடக்கும் முறை அப்படி. தலைக்கு ஒரு ரப்பர் தொப்பி, தொப்பியில் எண். தேர்வு வைப்பவர் தூரத்துக் கரையில் நின்று தொப்பிகளைத்தான் பார்ப்பார். சமையல்காரர் மீனாக நீந்துகிறவர். தன் எண்ணில் ஒருமுறை போய் வந்தார். புதருக்குப் பின்னால் தொப்பியை மாற்றிக்கொண்டு மலையின் எண்ணில் இன்னொருமுறை போய் வந்தார். தண்ணீருக்கு மேல் தெரியும் தலையை வைத்து உடம்பின் பருமனை யாரும் கணக்கிடுவதில்லை.

"இவ்வளவு நாள் எப்படிடா வந்தே?"

"இவ்வளவு நாள் ஆறு என் நெஞ்சுக்கு மேல வந்ததில்லையே. விழுந்தா நடந்து வந்துடலாம்னு இருந்தேன். இன்னைக்குப் பாரு."

பஞ்சு பார்த்தார். மலை போட்டிருந்த உயிர்காக்கும் மிதவைச் சட்டையையும் பார்த்தார். அது மலையின் இரண்டு தோள்களில் இரண்டு சிறு பைகள் போலத் தொங்கியது. அதன் வார்கள் அந்த மார்பைச் சுற்றி ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது.

உண்மையைச் சொன்னால் மலைக்கும் சமையல்காரருக்கும் வேலை போகும். தேர்வில் மோசடிக்குப் படையில் மன்னிப்பில்லை. மலையை விட்டுவிட்டுக் கடந்தால் முழுப் பிரிவும் கடந்ததாகாது, ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம் என்றால் டாக்டர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், மலையின் ஆரோக்கியமோ கண்ணை உறுத்துகிறது. பேசாமல் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. மறுகரையில் சூளை, சூளைக்கு அப்பால் சாவி, சாவிக்கு அப்பால் மகளின் மேஜை.

கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிரிகேடியர் இரண்டாம் முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பஞ்சு அவர் முன்னால் போய் நின்றார்.

"என் பிரிவு இன்னைக்கு ஏறாது, சார்."

"என்ன சொல்றார்?" என்றார் பிரிகேடியர். அவருக்குக் கேட்கவில்லை. மேஜருக்குக் கேட்டது. தன் கணீரென்ற குரலில், கரை முழுவதும் எதிரொலிக்க, "அவர் பிரிவு இன்னைக்கு ஏறாதாம், சார்" என்றார். சொல்லி முடித்த பிறகே தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது.

"காரணம்?"

"தண்ணி அதிகம், சார்."

"ஆத்துல தண்ணிதான்யா இருக்கும். பயமா?"

இந்தக் கேள்விக்குப் படையில் ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொல்லும்போது மார்பையும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும்.

"ஆமா, சார்" என்றார் பஞ்சு.

பிரிகேடியர் தன் பணிக்காலத்தில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. இரண்டாவது பிரிவை ஏறச் சொன்னார்.

இந்த இடத்தில் ஆறு பொங்கி, மிதவை கவிழ்ந்து, பஞ்சு சொன்னதுதான் சரி என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டாவது பிரிவு அதே ஆற்றில், அதே தண்ணீரில், பூஜைத் தட்டை ஏந்திப் போவது போல ஆடாமல் அசையாமல் போய்ச் சேர்ந்தது. சூளைக்காரர்கள் கையசைத்தார்கள். யாருக்கும் பூட்ஸ்கூட நனையவில்லை. பஞ்சுவின் ஆட்கள் தாங்கள் கட்டிய மிதவையில் நின்றபடி அதை வேடிக்கை பார்த்தார்கள். "மானம் போச்சு" என்று ஒருவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சமையல்காரர் மட்டும் குனிந்து, ஏற்கனவே இறுக்கமாக இருந்த முடிச்சு ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேஜர் அறையில் விசாரணை. "பட்டையைப் பிடுங்கு" என்றார் மேஜர்.

"பிடுங்கிடலாம் சார்" என்றார் சார்ஜண்ட். "அடுத்து யாருக்குப் போடறது?"

"மலை?"

வாசலில் நின்ற மலையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரே இருக்கட்டும் சார்" என்றார். மற்றவர்களைக் கேட்டார்கள். முதுகு வலியும் தலைசுற்றலும் அப்படியே இருந்தன. மேஜர் நீண்ட பெருமூச்சு விட்டு உத்தரவைச் சொன்னார். நிரந்தரம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. மறு உத்தரவு வரும்வரை பஞ்சு அதே பொறுப்பில், அதே சம்பளத்தில் நீடிக்க வேண்டும். தண்டனை என்று மனைவி அன்றே சொன்னார். மேலிடத்துக்கு அது புரிய இத்தனை நாள் ஆயிற்று.

வீட்டில் பஞ்சு "தண்ணி அதிகம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"பக்கத்துப் பிரிவு போச்சாமே?"

"போச்சு."

"அவங்க போறப்ப மட்டும் தண்ணி ஒதுங்கி வழி விட்டுச்சா?"

எதிர் வரிசை வீட்டுக்கு இரண்டாவது பிரிவின் தலைவர் குடி வந்தார். வந்த கையோடு அந்த நடுக் கதவுக்கு நீல வண்ணம் அடித்தார். வாசனை இந்தப் பக்கம் வரை வந்தது. திரைத் துணி தலையணை உறையானது. மகள் ஒன்றும் சொல்லாமல் அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் பஞ்சுவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மதிய வேளைகளில் பஞ்சு கிடங்கில் இல்லை. வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் தீயணைப்புக்கென்று ஒரு பெரிய தொட்டி உண்டு. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

"காலை உதை."

"உதைக்கிறேன், சார்."

"தண்ணிய உதை. என்னை இல்ல."

"கைய விட்டுடாதீங்க, சார்."

"விடல."

"விட்ட மாதிரி இருக்கே."

"விட்டா இப்படிப் பேச மாட்டே."

மலை தண்ணீரில் இறங்கினால் தொட்டியில் பாதி வெளியே வந்தது. மூன்றாம் நாளிலிருந்து பஞ்சு முதலில் அவரை இறக்கிவிட்டுப் பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

கொடியில் தினமும் ஈர அரைக்கால் சட்டை தொங்குவதை மனைவி கவனித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அதைப் பிழிந்தபடி கேட்டார். "இந்த வயசுல என்ன நீச்சல்? அதுவும் தண்ணிக்குப் பயந்த ஆளுக்கு?"

பஞ்சு சொன்னார். முதன்முறையாக முழுவதும் சொன்னார். மனைவி சட்டையை உதறி, மறுபடி கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டினார்.

"அவர் ரகசியத்தைக் காப்பாத்த எங்க ரூம்தான் கிடைச்சுதா?"

"வேற எதுவும் என் கையில இல்லையே."

மனைவி அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு ரூம் வீட்டை முழுங்கினவர் எவ்வளவு பெரிய ஆளுன்னு பாக்கணும்" என்றார்.

மலை வந்தார். வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே நிமிர இடமில்லாமல் குனிந்தே நின்றார். அவர் உட்கார்ந்ததும் வீடு நிரம்பிவிட்டது. மகள் புத்தகத்தை மூடிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். சின்னவள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு அவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் மனைவி.

"வேணாங்க அக்கா. தினமும் மதியம் நிறைய குடிக்கிறேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்க இடமில்லாத வீடு அது, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். "நீச்சல் வந்துச்சா இல்லையா?"

"மூழ்கறது நின்னிருக்கு. முன்னாடி போறது இன்னும் ஆரம்பிக்கல."

"சீக்கிரம் ஆரம்பிங்க. இவருக்கு ஜலதோஷம் பிடிச்சா லீவும் கிடையாது, சம்பளமும் கிடையாது."

அடுத்த தேர்வில் மலை தன் தொப்பியைத் தானே போட்டுக்கொண்டு போய் வந்தார். நேரம் அதிகமாயிற்று என்று தேர்வு வைத்தவர் கடிந்துகொண்டார். போன வருடம் இதைவிட வேகமாகப் போனாயே என்றார். அந்த மழைக்காலத்தில் பிரிவு ஆற்றைக் கடந்தது. பார்க்கப் பிரிகேடியர் யாரும் வரவில்லை. மூத்த மகள் அரிசி டிரம்மில் சாய்ந்தே பரீட்சைக்குப் படித்து எழுதினாள். கணக்கில் மட்டும் மதிப்பெண் குறைந்தது, அதற்குக் குக்கரைக் காரணம் சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. பட்டை நிரந்தரம் ஆகவில்லை. சம்பளமும் ஏறவில்லை.

பஞ்சு செய்தது இவ்வளவுதான். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் ஆற்றைக் கடக்க மறுத்தார். அதற்குப் பிறகு ஆறேழு மாதம், மற்றவர்கள் மதியத் தூக்கம் போடும் நேரத்தில், கழுத்தளவு தண்ணீரில் நின்று, தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய ஒருவரின் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.